சின்னக் குழந்தையை டார்க் ரைடில் ஏற்றலாமா? ஏறுமுன் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பொழுதுபோக்குப் பூங்காக்களில், கட்டடத்துக்குள், இருட்டில், வண்டியிலோ படகிலோ அமர்ந்து காட்சி காட்சியாகக் கடந்து செல்லும் ரைடுகளை டார்க் ரைடு என்கிறார்கள். பொம்மைகள் கைகோத்துப் பாடும் படகுப் பயணமும் டார்க் ரைடுதான். சவப்பெட்டி திறக்கும் பேய் மாளிகையும் டார்க் ரைடுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் பெற்றோர் வாசலில் நின்று ஊகத்தில் முடிவெடுக்கிறார்கள். உள்ளே போன பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட முடியாது.

என் இரண்டு பிள்ளைகளையும், அண்ணன் வீட்டுக் குழந்தைகளையும், நண்பர்களின் குழந்தைகளையும் இப்படிப்பட்ட ரைடுகளுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். சிரித்துக்கொண்டே இறங்கியவர்களும் உண்டு, அன்று இரவு விளக்கை அணைக்க விடாதவர்களும் உண்டு. இரண்டு முதல் ஏழு வயதுவரை உள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து, நான் பின்பற்றும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். பெரும்பாலோர் ரைடிலிருந்து தொடங்குகிறார்கள். குழந்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்கூட்டியே தேவையானவை: ஒரு தாள், ரைடின் முழுக் காணொளி, காலணியோடு அளந்த குழந்தையின் உயரம், காதை முழுதாக மூடும் குழந்தைகளுக்கான ஒலித்தடுப்பான், கூட வருவதற்கு இன்னொரு பெரியவர். இந்த இன்னொரு பெரியவர் ஏன் அவசியம் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

1. குழந்தை எதற்குப் பயப்படுகிறது என்று முதலில் எழுதுங்கள்

"என் குழந்தை தைரியசாலி" என்பது போதாது. எதில் தைரியம்? அண்ணன் மகளுக்கு நான்கு வயதில் எலும்புக்கூட்டைக் கண்டால் சிரிப்பு வரும். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் ஓடினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். என் மகனுக்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. முகமூடி போட்ட மனிதர் பக்கத்தில் வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவான். இருவரையும் ஒரே ரைடில் ஏற்றினால் இரண்டு விதமான முடிவுதான் வரும்.

ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். அறையில் விளக்கு அணைந்தால் என்ன செய்கிறது? பலூன் வெடித்தால் எவ்வளவு நேரத்தில் சமாதானமாகிறது? ஊஞ்சல் உயரமாகப் போனால் இன்னும் வேண்டும் என்கிறதா, நிறுத்தச் சொல்கிறதா? யாராவது பின்னாலிருந்து தொட்டால்? கதையில் கெட்டவன் வரும் பக்கத்தைப் புரட்டச் சொல்கிறதா, அதையே திரும்பக் காட்டச் சொல்கிறதா?

பயந்த பிறகு எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பதையும் குறியுங்கள். அரை நிமிடத்தில் மீளும் குழந்தைக்கு ஒரு திடீர்ச் சத்தம் பெரிய தடை ஆகாது. பத்து நிமிடம் தேம்பும் குழந்தைக்கு அதே சத்தம் மீதி ரைடு முழுவதையும் கெடுத்துவிடும்.

2. உயர அளவுப் பலகையை நம்பி முடிவெடுக்காதீர்கள்

அதிகம் நடக்கும் தவறு இதுதான். "உயரக் கட்டுப்பாடு இல்லை, அப்படியென்றால் சின்னக் குழந்தைகளுக்கானது" என்று நினைத்துவிடுகிறோம். உயர அளவு சொல்வது உடம்பைப் பற்றி மட்டுமே: இருக்கையும் தடுப்புக் கம்பியும் இந்த உடம்பைப் பாதுகாப்பாகப் பிடித்துவைக்குமா என்பதை. மனம் தாங்குமா என்பதை அந்தப் பலகை அளக்கவில்லை.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1969இல் திறந்த ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடுக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஓர் அறைக்குள் அடைபட்டு நிற்க வேண்டும். விளக்குகள் அணையும், இடி இடிக்கும், உச்சியில் தூக்கில் தொங்கும் உருவம் தெரியும், ஓர் அலறல் கேட்கும். அதே பூங்காவில் மிஸ்டர் டோட் ரைடின் முகப்பு கதைப்புத்தகம்போல அழகாக இருக்கும். பயணம் முடிவதோ ரயில் மோதி நரகத்துக்குள் போவதில். அதற்கும் உயரக் கட்டுப்பாடு இல்லை. அங்கேயே இண்டியானா ஜோன்ஸ் ரைடுக்கு 117 செ.மீ. உயரம் வேண்டும், ஏனென்றால் அந்த வண்டி உடம்பைக் குலுக்கி எடுக்கும்.

ஆகவே உயரத்தை ஒரு நுழைவாயிலாக மட்டும் பாருங்கள். உயரம் போதவில்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது. காலணிக்குள் துணி மடித்து வைத்து அளவைத் தாண்டச் செய்வதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயரம் போதும் என்றால் உங்கள் வேலை இப்போதுதான் தொடங்குகிறது.

3. காணொளியை மூன்று முறை, மூன்று விதமாகப் பாருங்கள்

இருக்கையில் அமர்ந்தவரின் கண்மட்டத்தில் எடுத்த முழுக் காணொளி பெரும்பாலான பெரிய ரைடுகளுக்குக் கிடைக்கும். பார்ப்பதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள்.

ஒன்று, அது நீங்கள் போகும் பூங்காவில் எடுத்ததா? டிஸ்னியின் பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் படகு ரைடில், கலிஃபோர்னியா பூங்காவில் இருட்டில் இரண்டு இறக்கங்கள், ஃபுளோரிடா பூங்காவில் ஒன்று. பெயர் ஒன்று, அனுபவம் வேறு.

இரண்டு, எப்போது எடுத்தது? ரைடுகள் மாறுகின்றன. டிஸ்னிலேண்டின் ஸ்னோ ஒயிட் ரைடுக்கு 1983இல் பெயரிலேயே பயமூட்டும் என்ற பொருள்தரும் சொல்லைச் சேர்த்தார்கள். 2021இல் காட்சிகளை மென்மையாக்கி, அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டார்கள். பழைய காணொளியைப் பார்த்தவர் இன்றைய ரைடைத் தவறாக எடைபோடுவார். பண்டிகைக் காலத்துக்கென்று சில மாதங்கள் காட்சிகளையே மாற்றும் ரைடுகளும் உண்டு.

இனி மூன்று முறை. முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்ஃபோன் போட்டு, ஒலியை மட்டும் கேளுங்கள். கண்ணைத் திறந்திருந்தால் காட்சியின் அழகில் சத்தத்தைக் கவனிக்கத் தவறிவிடுவோம். குழந்தை பயந்தால் முதலில் மூடுவது கண்ணைத்தான். மூடிய பிறகு அதற்கு மிஞ்சுவது இந்த ஒலி மட்டுமே. அலறல், வெடி, திடீர் மௌனம் எந்த நிமிடத்தில் வருகின்றன என்று குறியுங்கள்.

இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். மின்னும் விளக்குகள், முகத்துக்கு நேரே பாயும் உருவங்கள், முழு இருட்டு நீடிக்கும் விநாடிகள் இவற்றை எண்ணுங்கள்.

மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்து, மொத்த நேரத்தோடு பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும் ரைடில் ஒரு பயங்கரக் காட்சி வந்தால் தேற்றிக்கொண்டே கடந்துவிடலாம். கால் மணி நேரப் படகுப் பயணத்தில் நான்காம் நிமிடத்தில் குழந்தை உடைந்தால், பாக்கி பதினொரு நிமிடங்களை நினைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேமரா இருட்டை வெளிச்சமாக்கிக் காட்டும். காணொளியில் மங்கலாகத் தெரியும் சுரங்கம் நேரில் கும்மிருட்டாக இருக்கலாம். ஒலியும் கைப்பேசியில் சிறுத்துப்போகும். நேரில் இருக்கைக்குப் பின்னாலிருந்தே ஒலிபெருக்கி பேசும். காணொளியில் "பரவாயில்லை" என்று தோன்றுவதை, நேரில் ஒரு படி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. ரைடை ஆறு கூறாகப் பிரித்து, குழந்தையின் தாளோடு ஒப்பிடுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். "பயமா, இல்லையா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கூறு போட்டால் கிடைக்கும்.

இருட்டு. ஓரத்தில் வண்ண விளக்கு எரியும் இருட்டு வேறு, பக்கத்தில் இருப்பவரின் முகமே தெரியாத இருட்டு வேறு. தாயின் முகம் தெரிகிறதா என்பதுதான் சின்னக் குழந்தையின் அளவுகோல். முழு இருட்டு பத்து விநாடிக்கு மேல் நீடித்தால், நான்கு வயதுக்குக் கீழ் நான் தயங்குவேன்.

சத்தம். தொடர்ந்து ஒலிக்கும் உரத்த பாட்டைவிட, அமைதிக்கு நடுவே வெடிக்கும் ஒற்றைச் சத்தம் கடுமையானது. முதலாவதற்கு ஒலித்தடுப்பான் போதும். இரண்டாவதை அது குறைக்கும், திடுக்கிடலைத் தடுக்காது.

திடீர்த் தோற்றம். தூரத்திலிருந்தே தெரிந்து, மெதுவாக நெருங்கும் அரக்கனைக் குழந்தை சமாளித்துவிடும். பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. மூலையிலிருந்து பாயும் சின்ன எலிகூட அந்த அவகாசத்தைப் பறித்துவிடும். உருவத்தின் அளவைப் பார்க்காதீர்கள், அது வரும் வேகத்தைப் பாருங்கள்.

அசைவு. இறக்கம், பின்னோக்கி ஓடுதல், சுழற்சி, குலுக்கல். கீழே இறங்கும்போது வயிறு மேலே ஏறுவதுபோன்ற உணர்வைக் குழந்தை ஊஞ்சலிலும் சறுக்கிலும் ரசிக்கிறதா என்பது உங்கள் தாளில் இருக்கும். ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவான எப்காட்டின் ஸ்பேஸ்ஷிப் எர்த் மிக மெதுவான ரைடுதான். ஆனால் கீழே இறங்குவது பின்னோக்கி. மல்லாந்து சாய்வது பிடிக்காத குழந்தைக்கு இதை முன்பே சொல்ல வேண்டும். திரையோடு சேர்ந்து குலுங்கும் ரைடுகளில் குமட்டலையும் கணக்கில் வையுங்கள். முப்பரிமாணக் கண்ணாடி சின்ன மூக்கில் நிற்காமல் நழுவினால், திரையில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

கதை. யாருக்கு ஆபத்து? தூரத்தில் இருக்கும் பாத்திரங்களுக்கா, வண்டியில் இருக்கும் நமக்கா? "நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், இங்கிருந்து தப்ப முடியாது" என்று நம்மைப் பார்த்தே குரல் பேசும் ரைடுகளை ஐந்து வயதுக்குக் கீழ் ஒதுக்கிவைப்பது நல்லது. பொம்மை என்று தெரிந்த குழந்தையும், தன்னைப் பார்த்துச் சொன்ன மிரட்டலை வீட்டுக்குக் கொண்டுபோகும். அம்மாவோ அப்பாவோ காணாமல் போகும் கதையும் அப்படித்தான்.

தொடுகை. காணொளியில் தெரியாத ஒரே கூறு இது, அதனாலேயே பலர் ஏமாறுகிறார்கள். பிடரியில் பீய்ச்சும் காற்று, முகத்தில் தெறிக்கும் நீர், கணுக்காலில் உரசும் நூல், இருக்கைக்கு அடியில் ஓர் உதைப்பு, புகை வாசனை. பேய்க்கெல்லாம் அசராத ஒரு சிறுமி, பின்கழுத்தில் காற்றுப் பட்டதும் என் சட்டையைக் கிழியும் அளவுக்குப் பற்றிக்கொண்டாள். அவள் விரல்கள் வெளுத்திருந்ததை வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். காணொளியில் அந்தக் காற்று எங்குமே தெரியவில்லை. இப்படி எதுவும் உண்டா என்று ஊழியரிடம் கேட்காதது என் தவறு.

இனிக் கணக்கு. ஆறில் ஒன்றும் குழந்தையின் பயத்தோடு பொருந்தவில்லை என்றால் ஏறலாம். ஒன்று பொருந்தினால், அதற்கு மட்டும் தயார்செய்துவிட்டு ஏறலாம். இரண்டோ அதற்கு மேலோ பொருந்தினால் இந்த முறை வேண்டாம். இது என் அனுபவக் கணக்கு. உங்கள் குழந்தை மெதுவாக மீளும் என்றால் ஒன்று பொருந்தினாலே தள்ளிப்போடுங்கள்.

மின்னும் விளக்கு பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, நுழைவாயிலில் உள்ள எச்சரிக்கையை முழுதாகப் படியுங்கள். ஆஸ்துமா இருந்தால் செயற்கைப் புகை உண்டா என்று கேளுங்கள்.

5. வரிசையையும் ரைடின் பகுதியாக எண்ணுங்கள்

பல குழந்தைகள் வண்டியில் ஏறும் முன்பே, வரிசையில் அழத் தொடங்கிவிடுகிறார்கள். கல்லறை, தலைக்குமேல் உறுமல், மங்கிய நடைபாதை என்று வரிசையையே கதையின் முன்னுரையாக அமைத்திருப்பார்கள். நாற்பது நிமிடம் அதில் நின்றால் பயம் ஊறிப்போகும்.

ஆனால் வரிசைக்கு ஒரு நன்மையும் உண்டு. வெயிலிலிருந்து இருட்டுக்கு வந்த கண் பழகுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகலாம். மங்கிய வரிசை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கூடுதல் கட்டணம் கட்டி விரைவு வரிசையில் போகிறவர்கள் நடுப்பகல் வெயிலிலிருந்து நேரே கும்மிருட்டுக்குள் விழுகிறார்கள். அவர்களின் குழந்தைகளுக்கு முதல் காட்சியில் எதுவுமே தெரியாது, கேட்க மட்டும் செய்யும். விரைவு வரிசை என்றால், நுழைவதற்கு முன் பத்து நிமிடமாவது நிழலிலோ, ஏதாவது கட்டடத்துக்குள்ளோ உட்காருங்கள்.

வரிசையில் குழந்தை "போகலாம்" என்று ஒருமுறை சொன்னால் என்ன என்று கேளுங்கள். மூன்றாம் முறையும் சொன்னால் வெளியேறுங்கள். இத்தனை நேரம் நின்றோமே என்று யோசிக்காதீர்கள்.

6. வாசலில் ஊழியரிடம் நான்கு கேள்விகள்

"குழந்தைக்குச் சரியா?" என்று கேட்டால் "சரி" என்றே பதில் வரும். அவர்களுக்கு உங்கள் குழந்தையைத் தெரியாது. இப்படிக் கேளுங்கள்: இருட்டில் இறக்கம் இருக்கிறதா, எத்தனை? காற்று, நீர், தொடுகை ஏதாவது உண்டா? ஏறும் இடம்வரை வந்துவிட்டு வேண்டாம் என்றால் வெளியேற வழி எங்கே? பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஏற முடியுமா?

கடைசிக் கேள்விக்காகத்தான் இன்னொரு பெரியவர் வேண்டும் என்றேன். ஒருவர் குழந்தையோடு வெளியே காத்திருக்க, மற்றவர் போய்வந்த பிறகு, மறுபடி முழு வரிசையில் நிற்காமல் இவர் ஏறும் ஏற்பாடு பெரிய பூங்காக்களில் உண்டு. டிஸ்னி பூங்காக்களில் ரைடர் ஸ்விட்ச் என்றும், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப் என்றும் சொல்வார்கள். முதலில் போனவர், கையில் தாளோடு போனவராகவும் இருந்தால் இன்னும் நல்லது. காணொளி மறைத்ததை அவர் வந்து சொல்வார். சந்தேகம் உள்ள ரைடுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

7. நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

காலையில் சாப்பிட்டு, தூங்கி எழுந்த குழந்தை தாங்குவதை, அதே குழந்தை மாலையில் தாங்காது. அன்றைய முதல் ரைடாகவும் வேண்டாம், கடைசி ரைடாகவும் வேண்டாம். வெளிச்சமான, மெதுவான ஒன்றில் தொடங்குங்கள். பொம்மைகள் பாடும் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் போன்ற, இறக்கமும் திடுக்கிடலும் இல்லாத படகு ரைடு நல்ல முதல் படி. அதில் குழந்தை எப்படி அமர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அடுத்ததை முடிவுசெய்யலாம்.

8. உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக

"ஒன்றும் இருக்காது" என்பது மோசமான வாக்குறுதி. உள்ளே ஏதோ இருக்கும். அப்போது இருட்டோடு சேர்த்து உங்கள் சொல்லும் பொய்யாகிவிடும். அடுத்த ரைடுக்கும் குழந்தை உங்களை நம்பாது.

நடக்கப்போவதை வரிசையாகச் சொல்லுங்கள்: "முதலில் இருட்டாக இருக்கும், நான் உன் கையைப் பிடித்திருப்பேன். அப்புறம் ஒரு பெரிய சத்தம் வரும். படகு சர்ரென்று ஒரு தடவை கீழே போகும். கடைசியில் எல்லோரும் பாடுவார்கள், அப்போது முடிந்துவிடும்." முடிவு எப்படித் தெரியும் என்பதைச் சொல்வது முக்கியம். எப்போது முடியும் என்று தெரியாத பயம்தான் பெருகிக்கொண்டே போகும்.

ஐந்து வயதுக்கு மேல் என்றால், கடினமான காட்சியைப் பகல் வெளிச்சத்தில், ஒலியைக் குறைத்துக் காட்டலாம். இன்னொரு தடவை காட்டச் சொன்னால் நல்ல அறிகுறி. எதுவும் பேசாமல் விளையாட எழுந்துபோனால் அதுவும் ஒரு பதில்தான்.

9. உள்ளே எங்கே, எப்படி அமர்வது

ஊழியர் சொல்லும் இடமே இறுதி. தேர்வு உங்களிடம் விடப்பட்டால், ஏறி இறங்கும் திறப்புப் பக்கம் பெரியவரும், உட்புறம் குழந்தையும் அமருங்கள். பயந்த குழந்தை எழுந்து ஓடப் பார்க்கும். நீங்கள் நடுவில் இருக்க வேண்டும். பல வரிசை உள்ள படகில் நடுவரிசை நல்லது. முன்னால் சில தலைகள் மறைப்பது சின்னக் கண்களுக்கு ஆறுதல்.

எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடுப்புக் கம்பி இறங்கும் வண்டிகளில், கம்பி பெரியவரின் தொடையில் நின்றுவிடும். குழந்தைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். உங்கள் கை குழந்தைக்குக் குறுக்கே இருக்கட்டும். கம்பி விழும் "கடக்" சத்தத்தையும் முன்பே சொல்லிவையுங்கள். எந்தப் பேய்க்கும் முன்னால் அந்தச் சத்தத்துக்கே அழுத குழந்தையை எனக்குத் தெரியும்.

பயப்படத் தொடங்கினால் குழந்தையின் கண்ணைத் திடீரென்று பொத்தாதீர்கள். அது இன்னொரு திடுக்கிடல். காதை மூடுங்கள், முகத்தை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளட்டும். "பயப்படாதே" என்பதற்குப் பதிலாக அடுத்து வருவதைச் சொல்லுங்கள்: "இன்னும் ஒரு அறை, அப்புறம் பாட்டு." கைப்பேசி வெளிச்சத்தைப் போடாதீர்கள், பழகிய கண் மறுபடி குருடாகும், பின்னால் இருப்பவர்களுக்கும் கெடும்.

ரைடு நடுவில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். தொடர்ச்சியாக ஓடும் வண்டிகளில், யாராவது ஏற உதவி தேவைப்பட்டால்கூடச் சற்று நிறுத்துவார்கள். கம்பியைத் தூக்க முயலாமல், இறங்காமல், அறிவிப்புக்குக் காத்திருங்கள். குழந்தையிடம் "வண்டி மூச்சு வாங்குகிறது" என்று சொல்வேன். இதுவரை அது வேலைசெய்திருக்கிறது.

10. இறங்கிய பிறகு

அழுதால், உடனே வெளிச்சமான இடம், தண்ணீர், மடி. "இதற்கா அழுதாய்?" என்று உடன்பிறந்தவர்கள் கேலி செய்ய விடாதீர்கள். பயத்தைப் போக்க உடனே மறுபடி ஏற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள். குழந்தையே கேட்டால் ஒழிய அதே நாளில் வேண்டாம்.

சற்று அடங்கிய பிறகு, எது பிடிக்கவில்லை என்று குழந்தையையே சொல்லவிடுங்கள், முடிந்தால் வரையவிடுங்கள். நீங்கள் நினைத்தது ஒன்று, அது சொல்வது வேறு என்று பல நேரம் இருக்கும். என் மகன் பயந்தது கடற்கொள்ளையனைப் பார்த்து என்று நினைத்திருந்தேன். அவன் வரைந்தது படகு இறங்குவதற்கு முன் தெரிந்த கறுப்பு ஓட்டையை.

அதைத் தாளில் சேர்த்து எழுதி, தேதியையும் உயரத்தையும் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தாளை எடுத்து, முதல் படியிலிருந்து மறுபடி பாருங்கள்.